சுவரைத் தாண்டிய சுரைக்கொடி

கோட்டைப்பட்டினம்
12 ஜனவரி 1955

கொழும்பில் மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாக இருக்கும் மச்சானுக்கு ஹவ்வா உம்மாள் சலாம் சொல்லி எழுதுவது. நான் நலம், கோழிகள் நலம், புதுக்கோட்டையில் கட்டிக் கொடுத்த நம் மகள் ஆபிதாவும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அதனால் கேட்கவில்லை.

இது யார் எழுத்து என்று முழிக்க வேண்டாம். என்னுடையதுதான். இதுவரைக்கும் அடுத்த வீட்டில் சொல்லி எழுதி வாங்கினேன். நீங்கள் ஒளிந்திருக்கும் விஷயத்தை அங்கே போய்ச் சொன்னால் சாயங்காலத்து அசர் தொழுகைக்குள் பள்ளிவாசல் வரை போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சின்ன வயதில் படித்த எழுத்தைத் தட்டி எழுப்பி நானே எழுதுகிறேன். கோழி கிண்டினது போல இருந்தால், கோழி வளர்க்கிறவள் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

அங்கே தங்குவதற்கான உங்கள் பெர்மிட்டுக்குத் தவணை முடிந்துவிட்டது, புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், கடை முதலாளி உங்களை மேல்மாடி அறையில் வைத்துவிட்டு "தராசுக்காரர் ஊருக்குப் போயிட்டாரு" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் புரிந்தது. அங்கே நீங்கள் ஊருக்குப் போனவர். இங்கே நீங்கள் ஊருக்கு வராதவர். அப்படியானால் எங்கேதான் இருக்கிறீர்கள் மச்சான்?

சாப்பாட்டுக்குச் சோறும் கருவாடும் மட்டும்தான், பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது என்று எழுதியதைப் படித்த பிறகு எனக்கு விளையாட்டு வரவில்லை. மருந்துக்கு வழி இல்லையென்றால் கீரைக்காவது வழி செய்வோம். வெளியே போக முடியாதவர் வீட்டுக்குள்ளேயே பயிர் செய்ய வேண்டியதுதான்.

நம் கொல்லை மண்ணைக் கொஞ்சம் அள்ளிப் போட்டால் குழம்புக்கு வேறு உப்பு வேண்டாம். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து உடைந்த பானையிலும் ஓட்டைக் குடத்திலும்தானே நான் கத்தரியும் மிளகாயும் வைக்கிறேன். அறந்தாங்கிப் பக்கமிருந்து பழனிச்சாமி வண்டியில் கொண்டு வரும் மண்ணை அதில் போட்டுக்கொள்வேன். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பானைகளில் இடறி விழுந்து திட்டுவீர்கள். இப்போது அந்தப் பானைகளிடம்தான் பாடம் படிக்கப் போகிறீர்கள்.

இந்தக் காகிதத்தின் மடிப்பில் கறுப்பாக இருப்பது தண்டுக்கீரை விதை. தூசி என்று தட்டிவிடாதீர்கள். ஒரு சாண் உயரத்துக்கு ஏதாவது ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் போட்டு, விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டி, தண்ணீரைக் கையில் அள்ளித் தெளியுங்கள். குடத்தோடு கவிழ்த்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

ஊருக்கு வந்துவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுதினால் கோபம் வரும். அதனால் கீரையை மட்டும் எழுதினேன்.

ஹவ்வா

* * *

கொழும்பு
30 ஜனவரி 1955

ஹவ்வாவுக்கு ஜெகபர் அலி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கோழி கிண்டினதுதான். ஆனாலும் படிக்க முடிந்தது.

இது விளையாட்டுக் காரியம் இல்லை என்பது உனக்குப் புரிய வேண்டும். அறைக்கு ஒரு ஜன்னல். அது தெருவைப் பார்த்து இருப்பதால் ஆணி அடித்துவிட்டார்கள். வெளியே கொஞ்சம் திறந்த தளம் இருக்கிறது. சுற்றிலும் என் தலைக்கு மேல் ஒரு முழம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. வெயில் வருகிறது, தண்ணீர்ப் பீப்பாய் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கீழே கடையில் ஆள் இருக்கும்போது நான் நடக்கக் கூடாது. பலகைத் தரை சத்தம் போடும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொள்கிறேன். கீழே தராசுத் தட்டு இறங்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக எழுகிறது. புதிதாக நிற்கிறவனுக்கு நிறுவை சரியாக வரவில்லை. சத்தத்திலேயே தெரிகிறது. எழுந்து போய்ச் சொல்ல முடியவில்லை.

உன் கீரை செத்துவிட்டது. மூட்டை தூக்கும் முனியசாமிதான் எனக்குச் சோறு கொண்டு வருகிறவர். அவரே கால்வாய்க் கரையிலிருந்து மண் கொண்டு வந்தார். அறையில் கிடந்த கருவாட்டுப் பெட்டி ஒன்றில் போட்டு, நீ சொன்னபடியே தூவினேன். சிவப்பு நூல் நூலாக முளைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு நுனி கருகி எல்லாம் படுத்துவிட்டது. "அண்ணே, இது ஒங்க ராசிண்ணே" என்று முனியசாமி சொல்கிறார்.

ஊருக்கு வா என்று நீ எழுதாவிட்டாலும் எழுதியதாகவே படித்தேன். பெர்மிட்டு இல்லாமல் தங்கிவிட்டவன் தானாகக் கப்பலேற முடியாது. போலீசில் போய் நிற்க வேண்டும். கேம்பில் அடைத்து வைத்து அவர்களே ஏற்றி அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்டவனுக்கு மறுபடி இந்தக் கரை கிடையாது. நம் ஊர் அப்துல் மஜீதை அப்படித்தானே அனுப்பினார்கள். அவன் பிடரியில் கை வைத்துக் கப்பலேற்றியதைக் கல்யாண வீட்டில் நீ நடித்துக் காட்டினாய். துப்பட்டியை மூட்டையாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நீ நடந்ததைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததாக நீயே எனக்கு எழுதினாய். என்னை எப்படி நடிக்கப் போகிறாய்? ஆபிதாவின் மாமியார் முன்னால் யாராவது அப்படி நடித்தால் நம் பிள்ளை அந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நடப்பாள்?

முதலாளி ஒரு பெரிய மனிதரைப் பிடித்திருக்கிறார். அடுத்த மாதம் பெர்மிட்டு வந்துவிடும். அதுவரை நான் இங்கே சௌக்கியமாக, கடை நன்றாக நடப்பதாக ஊரில் சொல். உறையின் மேல் முதலாளி பெயரை மட்டும் எழுது.

ஜெகபர் அலி

* * *

கோட்டைப்பட்டினம்
14 பிப்ரவரி 1955

கடலோரத்தில் பிறந்து, கடலோரத்திலேயே பெண் எடுத்து, கடலைத் தாண்டிப் போய்க் கருவாட்டுப் பெட்டியில் கீரை விதைத்த மச்சானுக்கு ஹவ்வாவின் சலாம்.

நான் சிரித்த சிரிப்பில் அடைகாத்த கோழி எழுந்து ஓடிவிட்டது. முனியசாமி அண்ணனிடம் சொல்லுங்கள், அது ராசி இல்லை, உப்பு. அந்தப் பலகை எத்தனை வருஷம் உப்பைக் குடித்திருக்கும். நீங்கள் தண்ணீர் விட விட அது மண்ணில் இறங்கும். பெட்டி என்று எழுதினேனே தவிர எந்தப் பெட்டி என்று எழுதவில்லை. உப்புக்குப் பயந்து பானைக்குப் போன ஊரில் பிறந்தவருக்கு அதையுமா எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். மண்ணையும் போடுங்கள். மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டினால் இரண்டு தொட்டி கிடைக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வையுங்கள், எண்ணெய் வாடை போகட்டும். அடியில் ஆணியால் ஓட்டை போட வேண்டும். இதுதான் முக்கியம். ஓட்டை இல்லாத பாத்திரத்தில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டிச் சாகும். ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் போகும், மண் போகாது. மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தெருவில் கிடக்கும் வண்டிமாட்டுச் சாணி காய்ந்தது ஒரு பங்கு. மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பொழுது போகவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முளைத்ததும் நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிவிட வேண்டும். பாவம் பார்த்தால் ஒன்றும் தேறாது.

மஜீது விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், நடித்தேன். மறுவாரம் அவரே கொல்லைப் பக்கம் வந்து நின்றார். சண்டைக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "அக்கா, நீங்க முழங்காலை மடக்கி நடந்தீகளாமே. நான் அப்புடி நடக்கல. மூட்டை கனமில்ல, அதனால நிமிந்துதான் நடந்தேன்" என்றார். அடுத்த கல்யாண வீட்டில் நிமிர்ந்து நடித்தேன். இப்போது அவருக்குச் சொந்தமாக ஒரு வலை இருக்கிறது, மனைவி வைக்கிற குழம்பைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டோடு இருக்கிறார்.

உங்களையும் நடிப்பேன் மச்சான். அதை மட்டும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஊர் சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டால் மிச்சத்துக்கு அவ்வளவு காரம் இருக்காது. ஆனால் வராத ஆளை எப்படி நடிப்பது? வெறும் வாசலைத்தான் காட்ட வேண்டும்.

ஊரில் நீங்கள் சொன்னபடியே சொல்லியிருக்கிறேன். கடை நன்றாக ஓடுகிறது.

ஹவ்வா

* * *

கொழும்பு
10 மார்ச் 1955

ஹவ்வாவுக்கு ஜெகபர் அலி எழுதுவது.

நீ சிரித்ததைப் படித்துவிட்டுக் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கீரை வந்துவிட்டது. கோபத்தைத் தனியாக வேறொரு நாள் எழுதிக்கொள்கிறேன்.

டின்னில் ஓட்டை போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஆணி அடித்தால் கீழே கேட்கும். வெங்காய மூட்டை இறக்கும் நாள் வரைக்கும் காத்திருந்தேன். கீழே ஒரு மூட்டை தொப்பென்று விழும், நான் மேலே ஒரு அடி அடிப்பேன். அடுத்த மூட்டை, அடுத்த அடி. நடுவில் முனியசாமி ஒரு பீடி பற்ற வைத்துவிட்டார். நான் ஆணியைப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கீரையைக் கடைந்து சாப்பிட்டேன். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. முனியசாமிக்கும் ஒரு பிடி கொடுத்தேன். ராசியைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

போன வாரம் பக்கத்துக் கடையில் போலீஸ் சோதனை. முதலாளி மேலே ஓடி வந்து என்னை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, மேலே சாக்கைப் போட்டுவிட்டுப் போனார். ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு இருந்தேன். நம் கடைக்கு அவர்கள் வரவேயில்லை. பக்கத்துக் கடையோடு போய்விட்டார்கள். முதலாளி வியாபாரத்தில் என்னை மறந்துவிட்டார். போலீஸ் போனது எனக்குத் தெரியாது. சாயங்காலம் முனியசாமி சோறு கொண்டு வந்து, ஆளைக் காணோம் என்று தேடியபோதுதான் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. எழுந்து வரலாம் என்று ஒருவர் வந்து சொன்னால்தான் எழுந்திருக்க முடியும் என்ற நிலைமை எனக்கு வந்திருக்கிறது, ஹவ்வா.

பெர்மிட்டு போன மாதம் வரவில்லை. அடுத்த மாதம் நிச்சயம் என்கிறார்.

கீரை சீக்கிரம் வருகிறது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மறுபடி விதைக்கும்போது, இன்னும் எத்தனை விதைப்பு என்று மனம் கேட்கிறது. அதனால் மெதுவாக வளர்கிற ஏதாவது விதை அனுப்பு. தினம் பார்க்க ஏதாவது இருக்கட்டும்.

ஜெகபர் அலி

* * *

கோட்டைப்பட்டினம்
24 மார்ச் 1955

மச்சானுக்கு ஹவ்வாவின் சலாம்.

மெதுவாக வளர்வது என்றால் தென்னை இருக்கிறது. அனுப்பவா? காய்க்கும்போது பேரப்பிள்ளைகள் வந்து ஏறுவார்கள்.

மிளகாய் மூட்டைக் கதையை இரண்டு தடவை படித்தேன். அதில் நடிக்க ஒன்றுமே எனக்குக் கிடைக்கவில்லை.

மெதுவாக வளர்வதைக் கேட்கிற ஆள் அங்கேயே இருக்கத் தயாராகிவிட்ட ஆள். நான் மட்டும் இங்கே காற்று வாங்கிக்கொண்டா திரிகிறேன்? கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் "மச்சான் எப்பக்கா வாராரு" என்று முதல் கேள்வியே அதுதான். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொரு பொய். போன மாதம் சொன்னது இந்த மாதம் மறந்து போகிறது. வாயாடிக்கு வாயைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? கொல்லைக் கதவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடக்கிறேன். உங்களுக்குச் சுவர் தலைக்கு மேல் ஒரு முழம். எனக்கு உங்கள் சௌக்கியம்தான் சுவர்.

கேட்டுவிட்டீர்கள் என்பதால் சுரை விதை வைத்திருக்கிறேன். உறை புடைத்துக்கொண்டு போகும், முதலாளி திட்டினால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, கூர்முனை கீழே பார்க்க ஊன்றுங்கள். டின் போதாது. சுரை பெரிய குடும்பத்துப் பெண், இடுக்கான வீட்டில் குடித்தனம் செய்ய மாட்டாள். பாதிப் பீப்பாய் கிடைத்தால் அதில் ஒரே ஒரு செடி. முளைத்ததில் வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மீன் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். கருவாடு கழுவிய தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உங்களை நம்ப முடியாது. ஆள் இடுப்பு உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பக்கக் கிளையில்தான் பிஞ்சு நிற்கும். ஏறுவதற்குக் கயிறு கட்டுங்கள்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். கொடி வெளிச்சம் இருக்கிற பக்கம் போகும். அதற்கு ஒளியத் தெரியாது.

ஹவ்வா

* * *

கொழும்பு
15 மே 1955

ஹவ்வாவுக்கு ஜெகபர் அலி எழுதுவது.

நோன்பு எல்லாம் தவறாமல் பிடிக்கிறேன். பக்கத்துப் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் சுவருக்கு மேலே வருகிறது. போய் நின்று தொழ முடியவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் பாயை விரித்து, கொடியோடு சேர்ந்து நின்று தொழுகிறேன்.

கொடி நன்றாக வந்திருக்கிறது. காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்த்ததற்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் பூ பூத்துப் பூத்து உதிர்கிறது. ஒன்று கூடக் காயாகவில்லை. மருந்து ஏதாவது உண்டா?

இன்னொரு தொல்லை. கயிறு கட்டிய பக்கம் போகாமல் சுவரில் ஏறி அந்தப் பக்கம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. தினமும் உள்ளே இழுத்து விடுகிறேன். மறுநாள் மறுபடி போய்விடுகிறது. நேற்று எட்டவில்லை. பெட்டி மேல் ஏறிக் கையை வெளியே விட்டபோது, நினையாமல் தெருவைப் பார்த்துவிட்டேன். மாதக்கணக்காகச் சத்தமாக மட்டும் கேட்ட தெரு. டிராம் போனது. ஒரு பெண்பிள்ளை வெங்காயக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், கையை உன்னைப் போலவே ஆட்டினாள். உடனே இறங்கிவிட்டேன்.

பெருநாள் கழிந்ததும் பெர்மிட்டு வரும் என்கிறார் முதலாளி. அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெரிய மனிதர் யார் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு" என்றார். கணக்கு வழக்கெல்லாம் நான் மேலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வெளியே போகாத, லீவு கேட்காத ஆள் வேறு எங்கே கிடைப்பான் அவருக்கு?

இதை எழுதிய பிறகு கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜெகபர் அலி

* * *

கோட்டைப்பட்டினம்
26 மே 1955

மச்சானுக்கு ஹவ்வாவின் பெருநாள் சலாம். நீங்கள் இல்லாமல் ஆட்டுக்கறியில் காரம் கூடிப் போய்விட்டது. குறை சொல்ல ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

பூவுக்கு மருந்து வேண்டாம். சுரையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நீளக் காம்பில் சும்மா நிமிர்ந்து நிற்பது ஆண்பூ. அடியில் விரல் நுனி மாதிரி குட்டிப் பிஞ்சு வைத்திருப்பது பெண்பூ. சாயங்காலம்தான் விரியும். இங்கே அந்துப்பூச்சி வந்து இரண்டையும் சேர்த்து வைக்கும். உங்கள் மாடிக்கு வரப் பூச்சிக்கும் பெர்மிட்டு இல்லை போல. ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு வையுங்கள். அது அங்கே இருந்துகொண்டு, இது இங்கே இருந்துகொண்டு, கடிதம் எழுதினால் காய்க்காது மச்சான்.

கொடி விஷயம். அதை உள்ளே இழுக்காதீர்கள். திருகித் திருகி இழுத்தால் தண்டுக்குள் தண்ணீர் ஓட்டம் நின்று பிஞ்சு வெம்பிவிடும். இது பயிர் செய்கிறவள் சொல்வது.

இனி உங்கள் பெண்டாட்டி சொல்வது. தெருப்பக்கமே காய்க்கட்டும். அந்த வீட்டு மேலே தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். விளையாட்டாக எழுதவில்லை. முதலாளி முகத்தைப் பார்ப்பதில்லை என்று எழுதினீர்களே, எனக்கு அது போதும். பெர்மிட்டு வராது. வரவும் விடமாட்டார்.

பானைச் செடியை நான் ஒரே பானையில் ரொம்ப நாள் விடுவதில்லை. ஒரு தடவை மறந்து விட்டேன். எடுத்து நட்டுவிடலாம் என்று பானையை உடைத்தேன். உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் வேர். சுற்றிச் சுற்றிப் போய், பானை போன பிறகும் பானை மாதிரியே நின்றது. நல்ல மண்ணில் வைத்தும் அந்த வேருக்கு வெளியே போகத் தெரியவில்லை. நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மிளகாய் மூட்டையிலிருந்து எழுந்திருக்க ஆள் வந்து சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இதோ, சொல்லிவிட்டேன். எழுந்து வாருங்கள்.

ஹவ்வா

* * *

கேம்பு, கொழும்பு
22 ஜூன் 1955

ஹவ்வாவுக்கு ஜெகபர் அலி எழுதுவது.

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்ததும் அழாதே. யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

நீ சொன்னபடி பூவைத் தொட்டு வைத்தேன். ஒன்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்து. மழையும் சேர்ந்துகொண்டதால் கிடுகிடுவென்று பெருத்தது. தெருவில் போகிற போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே யார் குடியிருக்கிறது என்று கடையில் கேட்டிருக்கிறார். "மழையில தானா மொளைச்சதுங்க" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். உடனே கத்தியோடு மேலே வந்தார்.

"நீ வெட்டுறியா, நான் வெட்டவா?" என்றார்.

"பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டீங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

"இப்ப அந்தப் பேச்சு எதுக்கு? கொடியை அறு."

எழுதிப் போடவேயில்லை. அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்தது. கத்தியை வாங்கிக்கொண்டேன். பெட்டி மேல் ஏறிக் காயை மட்டும் அறுத்தேன். கொடியைத் தொடவில்லை. கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பலகையில் டக் டக் என்று நடந்து படியிறங்கினேன். கடை நிறைய ஆள். எல்லாரும் ஊருக்குப் போனவனைப் பார்த்தார்கள். முனியசாமி மட்டும் தோளில் இருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பின்னால் வந்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தார். காயை அவரிடம் கொடுத்தேன். "பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுங்க" என்றேன். "இதை எப்புடிண்ணே ஆக்குறது" என்று சொல்லி அழுதுவிட்டார்.

இங்கே சுற்றிலும் கம்பி. நம் பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சத்தமாக இருமலாம். முதல் நாள் தேவையில்லாமலே இருமினேன். எப்போது கப்பலேற்றுவார்கள் என்று சொல்வதில்லை. ஒரு நாள் காலையில் பெயரைப் படிப்பார்களாம், அன்றைக்கே கிளம்ப வேண்டுமாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருக்கும் சொல்லாதே. ஆபிதாவின் மாமியார் ரஹீமா பீவிக்கு முக்கியமாகத் தெரியக் கூடாது. நான் புதுக்கோட்டையில் ரயிலை விட்டு இறங்கி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து இருட்டில் வந்துவிடுகிறேன். கொல்லைக் கதவைத் திறந்து வை. சில நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன். பிறகு மெதுவாக, லீவில் வந்தது மாதிரிச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெகபர் அலி

* * *

புதுக்கோட்டை
1 ஜூலை 1955

மச்சானுக்கு ஹவ்வாவின் சலாம்.

நீங்களும் மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஆபிதா வீட்டில்தான் இருக்கிறேன். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் பஸ்ஸில் தனியாக வந்தேன். அறந்தாங்கியில் மாறி ஏற வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன், கண்டக்டர்தான் இறக்கிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பாதிக் கடிதம் வரை எனக்கு ஒரு புருஷன் இருந்தார். கடைசியில் மறுபடி மூட்டைக்குள் போய்விட்டார். கொழும்பு மாடியை விட்டுக் கோட்டைப்பட்டினத்து அறைக்குள் ஒளிவதற்கா கப்பல்? அந்தக் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அந்த வழி கிடையாது.

சம்பந்தியம்மாளிடம் நானே சொல்லிவிட்டேன். வந்த அன்றைக்கே, காபியைக் குடிப்பதற்கு முன்னால்.

"பெர்மிட்டு முடிஞ்சு, ஒளிஞ்சிருந்து, இப்ப கேம்புல இருக்காக. அனுப்பி வைக்கப் போறாக" என்றேன்.

ரஹீமா பீவி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். ஆபிதா கதவுப் பக்கம் நின்றுகொண்டு என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"கடை நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களே" என்றார்.

"கடை நல்லாத்தான் ஓடுது. இவுகதான் ஓடல."

"நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வந்துட்டாருன்னு சொல்லுங்க."

அந்த முகம் இன்னும் தெளியவில்லை மச்சான். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பேச்சு அளந்துதான் வருகிறது. மாப்பிள்ளை என்னிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆபிதா நிமிர்ந்துதான் நடக்கிறாள். நேற்று அவளே அடுத்த வீட்டில் போய், "எங்க அத்தா வாராக" என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லாருக்கும் சேர்த்துச் சோறு ஆக்குகிறார்கள், எனக்கும் போடுகிறார்கள். தெளிகிறபோது தெளியட்டும்.

கப்பலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரும் ரயில் தினமும் இந்த ஊரில் நிற்கிறது. நீங்கள் எந்த நாள் வருவீர்கள் என்று தெரியாததால் தினமும் போய் நிற்கிறேன். டிக்கெட் கொடுக்கிறவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "இன்னைக்கும் வரலையாம்மா?" என்கிறார். "நாளைக்கு இருக்குல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

பிளாட்பாரத்தில் முகம் மறைய வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நாலைந்து பேர் நிற்போம். அதில் நான் எது என்று உங்களுக்குத் தெரியாது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் தலையைக் குனிந்து என் முன்னாலேயே போய்விடுவீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால் கூப்பிடப் போகிறேன். மச்சான் என்று கூப்பிட்டால் பாதிப் பிளாட்பாரம் திரும்பும். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஆபிதாவின் அத்தா பெயர் கேட்டபோதுகூட, துணைக்கு வந்தவளைச் சொல்லச் சொன்னேன். நேற்று இவர்கள் வீட்டுக் கிணற்றடியில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். கிணற்றுக்குள் குனிந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவேன். நின்று திரும்பிப் பாருங்கள்.

ஹவ்வா